நினைவில்லாத நாளுக்கு ஒரு விழா

கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அதற்குத் திருமுழுக்கு நடந்துவிடுகிறது. ஞானஸ்நானம் என்று இன்றும் பலர் சொல்லும் இந்தச் சடங்கில், குரு குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியார் பெயரால் அதைத் திருச்சபையில் சேர்க்கிறார். குழந்தை அப்போது அழுதிருக்கலாம், தூங்கியும் இருக்கலாம். எப்படி இருந்தாலும், வளர்ந்தபின் அந்த நாள் அதன் நினைவில் இருக்கப்போவதில்லை. ஆனால் கத்தோலிக்க நம்பிக்கைப்படி ஒருவர் வாழ்வில் அதைவிடப் பெரிய நாள் கிடையாது. நற்கருணை, உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் எனப் பின்னால் வரும் எல்லா அருளடையாளங்களுக்கும் வாசல் அதுதான். இவ்வளவு பெரிய நாளை அதற்கு உரியவரே அறியாமல் இருக்கிறார். பிறந்த தேதியைக் கேட்டவுடன் சொல்லும் பிள்ளைகள் பலருக்குத் திருமுழுக்குத் தேதி தெரியாது. பெற்றோரிடம் கேட்டாலும், சான்றிதழ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

அந்தத் தேதியை ஆண்டுதோறும் வீட்டில் கொண்டாட வேண்டும் என்பதும், குழந்தைக்குப் பெயர் தந்த புனிதரின் விழாவை அதன் நாமவிழாவாகக் கொண்டாட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம். பக்திக்கு மெருகேற்றும் கூடுதல் சடங்குகளாக இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. பெரியவர்கள் குழந்தைக்குத் தீர்க்க வேண்டிய ஒரு கடனாகவே பார்க்கிறேன். விசுவாசம், பெயர் ஆகிய இரண்டும் குழந்தை கேட்காமலே அதற்குக் கொடுக்கப்படுகின்றன. இரண்டையும் அது ஆயுள் முழுக்கச் சுமக்கப்போகிறது. கொடுத்தவர்கள் நாம். அப்படியானால் என்ன கொடுத்தோம், ஏன் கொடுத்தோம், யாரை முன்னிட்டுக் கொடுத்தோம் என்று அதற்குச் சொல்லும் பொறுப்பும் நம்முடையது. ஒருமுறை சொல்லி முடித்துவிடும் விஷயமும் அல்ல இது. மூன்று வயதில் ஒருவிதமாகவும், பத்து வயதில் ஒருவிதமாகவும், பதினாறில் வேறுவிதமாகவும் சொல்ல வேண்டியது. அதற்கு ஆண்டில் குறித்த நாள்கள் வேண்டும்.

திருத்தந்தை கொடுத்த வீட்டுப்பாடம்

2014 ஜனவரி 8 அன்று, வத்திக்கானில் தம் புதன்கிழமை உரையைக் கேட்கக் கூடியிருந்த மக்களிடம், அவரவர் திருமுழுக்குத் தேதி யாருக்கெல்லாம் தெரியும் என்று கேட்டார் திருத்தந்தை பிரான்சிஸ். தெரியாதவர்கள் வீட்டுக்குப் போனதும் விசாரித்து அறிந்துகொள்ள வேண்டும் என்று வீட்டுப்பாடமும் கொடுத்தார். பின்வந்த ஆண்டுகளில், குறிப்பாக ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவின்போது, இதே வேண்டுகோளைத் திரும்பத் திரும்ப முன்வைத்தார். திருமுழுக்கு நாள் ஒருவரின் இன்னொரு பிறந்தநாள் என்பது அவர் கருத்து. அவரே 1936 டிசம்பர் 17 அன்று பிறந்து, அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் புவெனஸ் ஐரஸ் நகரில் திருமுழுக்குப் பெற்றவர். அவருக்கு முன் திருத்தந்தையாக இருந்த பதினாறாம் பெனடிக்ட் 1927 ஏப்ரல் 16 அன்று பவேரியாவின் மார்க்டல் என்ற சிற்றூரில் பிறந்தார். அது புனித சனிக்கிழமை. அன்றே, பாஸ்காவுக்காகப் புதிதாகப் புனிதப்படுத்திய தண்ணீரில் அவருக்குத் திருமுழுக்கு நடந்தது. புனித வாரத்தின் கடைசி நாளில் தாம் பிறந்தது குடும்பத்தில் எப்போதும் பேசப்பட்டுவந்தது என்று தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பிறந்த அன்றே நடந்த சடங்கை எந்தக் குழந்தையும் நினைவில் வைத்திருக்க முடியாது; வீட்டார் சொல்லிச் சொல்லித்தான் அந்த நாள் அவருக்குச் சொந்தமானது.

திருமுழுக்கு எங்கே நடந்ததோ அந்தப் பங்கின் பதிவேட்டில் அந்தத் தேதி பத்திரமாக இருக்கிறது. குழந்தையின் பெயர், பெற்றோர், ஞானப்பெற்றோர், திருமுழுக்குக் கொடுத்தவர், திருமுழுக்கின் இடமும் தேதியும், பிறந்த இடமும் தேதியும் ஆகியவற்றைப் பங்குக்குரு எழுதிவைக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 877ஆம் பிரிவு. பிற்காலத்தில் அந்தப் பிள்ளை உறுதிபூசுதல் பெற்றாலும், மணம் முடித்தாலும், குருவானாலும், துறவற வாக்குக் கொடுத்தாலும் அதே பதிவில் குறிப்பு ஏற வேண்டும். அதாவது ஒரு கத்தோலிக்கரின் வாழ்க்கை முழுவதையும் திருச்சபை அந்த ஒரு பதிவோடு கோத்து வைக்கிறது. ஏடு நினைவில் வைத்திருப்பதை வீடு மறந்துவிடுவதுதான் வருத்தம். புதுநன்மை வாங்கும்போதும் திருமணம் பேசும்போதும் மட்டுமே பல வீடுகளில் அந்தச் சான்றிதழுக்கு வேலை வருகிறது.

முற்காலத்தார் எதைக் கொண்டாடினார்கள்?

பிறந்தநாள் கொண்டாட்டத்தை ஆதித் திருச்சபை பெரிதாக வரவேற்கவில்லை. விவிலியத்தில் பிறந்தநாள் விருந்து வைத்தவர்கள் எகிப்தின் பார்வோனும் ஏரோதும்தான் என்று 3ஆம் நூற்றாண்டு மறைநூல் அறிஞர் ஓரிகன் தம் லேவியர் நூல் மறையுரையில் சுட்டிக்காட்டினார். பார்வோனின் விருந்து நாளில் அவனுடைய அப்பம் சுடுவோர் தலைவன் தூக்கிலிடப்பட்டான். ஏரோதின் விருந்தில் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்பட்டது. ஓரிகன் அளவுக்கு நாம் கடுமையாக இருக்க வேண்டியதில்லை. பிள்ளை பிறந்த நாள் மகிழ்ச்சிக்குரிய நாள்தான். ஆனால் அக்காலக் கிறிஸ்தவர்கள் பிறந்தநாள் என்று எதைச் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்கது. 2ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகர ஆயர் பொலிக்கார்ப் மறைசாட்சியாகக் கொல்லப்பட்டபின், அவர் இறந்த நாளையே அவருடைய பிறந்தநாளாகக் கூடிக் கொண்டாடப்போவதாக அந்நகரத் திருச்சபை எழுதிய மடல் சொல்கிறது. மண்ணுலகில் இறந்தவர் விண்ணுலகில் பிறந்தார் என்பது அவர்கள் கணக்கு. இன்றும் பொது வழிபாட்டு நாட்காட்டியில் மண்ணுலகப் பிறப்புக்கென்று விழா இருப்பது மூவருக்கே: டிசம்பர் 25 இயேசுவுக்கு, செப்டம்பர் 8 மரியாவுக்கு, ஜூன் 24 திருமுழுக்கு யோவானுக்கு. மற்றப் புனிதர்களுக்குப் பெரும்பாலும் இறந்த நாளோ அதை ஒட்டிய நாளோதான் விழா. ஆகவே ஒரு குழந்தையின் நாமவிழா என்பது, வாழ்ந்து முடித்து வென்ற ஒருவரின் நாள். இப்போதுதான் தொடங்கியிருக்கும் வாழ்க்கையின் முன் நிறைவடைந்த ஒரு வாழ்க்கையை அது நிறுத்துகிறது.

திருமுழுக்கின் ஆண்டு நினைவும் நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. முதல் நூற்றாண்டுகளில் வளர்ந்தபின் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஏராளம். புனித அகுஸ்தினாரின் தாய் மோனிக்கா கிறிஸ்தவர். ஆனாலும் மகனுக்குக் குழந்தைப் பருவத்தில் திருமுழுக்கு நடக்கவில்லை. 387ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், மிலான் நகரில், ஆயர் அம்புரோசின் கையால் 32 வயதில் அதைப் பெற்றார். அந்த நாள்களைப் பற்றித் தம் கைப்படவே அவரால் எழுத முடிந்தது. அப்படிப் பாஸ்காவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் ஓராண்டு நிறைவை ஒன்றாகக் கூடிக் கொண்டாடும் வழக்கம் இருந்தது. சென்ற ஆண்டுப் பாஸ்காவின் நினைவு நாளுக்கென்றே பழைய ரோமை வழிபாட்டு நூல்களில் திருப்பலி மன்றாட்டுகள் காணப்படுகின்றன. குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கானபின், பாஸ்கா இரவுக்காகக் காத்திராமல் பிறந்த சில நாள்களிலேயே சடங்கு நடக்கத் தொடங்கியது. எல்லோருக்கும் பொதுவான ஒரே தேதி மறைந்து, ஆளுக்கொரு தேதி வந்தது. ஊர்கூடிக் கொண்டாடிய நினைவு நாளின் பொறுப்பு அத்துடன் வீட்டுக்கு மாறியிருக்க வேண்டும். பல இடங்களில் அது வீடு வந்து சேராமலே போய்விட்டது.

வாக்குக் கொடுத்தவர்கள்

குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் பழைய வழக்கமே. சுமார் 253ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரில் ஆயர் சிப்பிரியானுடன் கூடிய ஆயர்கள், பிறந்த குழந்தைக்கு எட்டாம் நாள் வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று முடிவு சொன்னார்கள். கடவுளின் அருள் தகுதி பார்த்து வருவதல்ல, வயது பார்த்தும் வருவதல்ல என்பது அதன் உட்பொருள். ஆனால் இதில் ஒரு பொறுப்பு அடங்கியிருக்கிறது. குழந்தை தானாக நம்பிக்கை அறிக்கை செய்ய முடியாது. திருச்சபையின் விசுவாசத்தை நம்பித்தான் அதற்குத் திருமுழுக்கு. திருமுழுக்கில் கிடைப்பது முதிர்ந்த விசுவாசம் அல்ல, வளர வேண்டிய தொடக்கமே என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. அதனால்தான் பாஸ்கா திருவிழிப்பில் ஆண்டுதோறும் எல்லோரும் மெழுகுதிரி ஏந்தித் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். அது சபை முழுவதற்கும் பொதுவான நாள். தனக்கென்று அந்த வாக்குறுதி கொடுக்கப்பட்ட நாள் எது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல வீட்டைவிட்டால் வேறு இடமில்லை.

சடங்கை உன்னிப்பாகப் பார்த்தால் இது விளங்கும். குழந்தைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள் என்பது குருவின் முதல் கேள்வி, கேட்கப்படுபவர்கள் பெற்றோர். பாவத்தை விட்டுவிடுகிறீர்களா, கடவுளை நம்புகிறீர்களா என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரி குழந்தையின் பெயரால் பெரியவர் ஒருவர் கையில் தரப்படுகிறது. அந்த ஒளி அணையாமல் காக்கும் பொறுப்பும் பெற்றோர், ஞானப்பெற்றோரிடமே ஒப்படைக்கப்படுகிறது. தண்ணீரும் எண்ணெயும் வெள்ளாடையும் குழந்தைக்கு. வாக்குறுதி முழுவதும் பெரியவர்களுக்கு. ஆக, திருமுழுக்கு ஆண்டுநாள் குழந்தைக்கு மட்டும் உரியதல்ல. கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று என்று பெரியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் நாளும் அதுதான்.

ஞானப்பெற்றோர் விஷயத்தில் இது இன்னும் அவசரமாகத் தேவைப்படுகிறது. பதினாறு வயது நிரம்பியவராக, உறுதிபூசுதல் பெற்றவராக, விசுவாச வாழ்வு வாழ்பவராக இருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் கேட்கிறது. குழந்தையின் தாயோ தந்தையோ அந்தப் பொறுப்பை ஏற்க முடியாது. திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதச் சொன்னது, அந்த ஞான உறவு திருமணத் தடையாகக் கருதப்பட்டதால்தான். தமிழ்க் குடும்பங்களில் தாய்மாமனும் அத்தையும் பெரியப்பாவும் நெருங்கிய நண்பர்களும் ஞானத்தந்தை, ஞானத்தாய் ஆகிறார்கள். சங்கிலி போட்டு, விருந்து சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டபின் அந்த உறவு பழைய மாமன், அத்தை உறவுக்குள் கரைந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, இன்ன தேதியில், ஞானப்பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு என்ற பழக்கம் வந்தாலே போதும். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்பது இரு பக்கமும் நினைவில் நிற்கும்.

பெயரோடு வரும் துணை

புனிதர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் 4ஆம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. அந்தியோக்கியா நகர மக்கள் தங்கள் ஆயர் மெலேசியுஸ் மீதுகொண்ட அன்பால் பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்ததாகப் புனித யோவான் கிறிசோஸ்தோம் ஒரு மறையுரையில் சொல்கிறார். பாட்டன் பூட்டன் பெயர்களைவிட நல்லோரின் பெயர்களைத் தேடி வையுங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரையும் சொன்னவர் அவர். பெயர் வைத்தால் மட்டும் பிள்ளை நல்லவனாகிவிடும் என்பதல்ல இதன் பொருள். அந்தப் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு முன்மாதிரி வீட்டில் நினைக்கப்படும் என்பதே. திருமுழுக்கு நாளின் புனிதர் பெயரையே குழந்தைக்கு வைப்பதும் ஐரோப்பாவில் பரவலாக இருந்தது. 1483 நவம்பர் 10 அன்று பிறந்த லூத்தருக்கு மறுநாள் திருமுழுக்கு நடந்தது. அது புனித மார்ட்டின் நாளாக இருந்ததால்தான் அவர் மார்ட்டின் லூத்தர் ஆனார்.

தமிழ்க் கத்தோலிக்கரிடம் இந்தப் பெயர்ச் செல்வம் மிகுதி. சூசை, சவேரி, அந்தோணி, ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சந்தியாகு, இஞ்ஞாசி, செபஸ்தியான் என்று புனிதர் பெயர்கள் தமிழ் நாவுக்கு ஏற்ப உருமாறி ஊறிப்போயின. ஆரோக்கியம், லூர்து, பாத்திமா, பனிமயம், வியாகுலம், அடைக்கலம், செபமாலை என்று மரியாவின் பட்டங்களே ஆள்பெயர்களாயின. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நாட்காட்டியில் நாள் இருக்கிறது. சூசையப்பருக்கு மார்ச் 19, அந்தோனியாருக்கு ஜூன் 13, இராயப்பர் சின்னப்பருக்கு ஜூன் 29, சந்தியாகப்பருக்கு ஜூலை 25, இஞ்ஞாசியாருக்கு ஜூலை 31, பனிமய மாதாவுக்கு ஆகஸ்ட் 5, வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கு செப்டம்பர் 8, சவேரியாருக்கு டிசம்பர் 3. தாத்தாவின் பெயர் என்பதால் பேரனுக்கு அந்தோணி என்று வைத்திருக்கலாம். அதில் தவறேதும் இல்லை. ஆனால் லிஸ்பனில் பிறந்து, பதுவையில் புகழ்பெற்று, 1231இல் மறைந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவியின் பெயர் அது என்று பேரனுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஜூன் 13 அதற்கு ஏற்ற நாள்.

பெயருக்கும் திருமுழுக்குக்கும் உள்ள உறவை நம் மண்ணில் மறைசாட்சி தேவசகாயத்தைவிடத் தெளிவாகக் காட்டுபவர் இல்லை. 1712இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். விவிலியத்து லாசரின் பெயர் தமிழில் தேவசகாயம் என்று அவருக்கு இடப்பட்டது. அவர் மனைவி பார்கவி திருமுழுக்கில் ஞானப்பூ ஆனார். ஏழு ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை. 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதராக அறிவிக்கப்பட்டபோது உலகம் சொன்னது திருமுழுக்கில் பெற்ற அந்தப் பெயரைத்தான். அவர் வளர்ந்தபின், தெரிந்தே, விலை கொடுத்து அதை ஏற்றவர். நம் பிள்ளைகளோ தெரியாமலே பெற்றவர்கள். அவருக்குத் தானாகத் தெரிந்திருந்தது இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் தெரிய வேண்டும்.

எழும் கேள்விகள்

நாமவிழா என்பது மேலைநாட்டு வழக்கம், நமக்கெதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. போலந்தில் பல குடும்பங்களில் பெரியவர்களுக்குப் பிறந்தநாளைவிட நாமவிழாவே முக்கியம் என்பதும், அங்கே நாட்காட்டியில் ஒவ்வொரு தேதியின் கீழும் பெயர்கள் அச்சாகியிருக்கும் என்பதும், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் இவ்வழக்கம் வேரூன்றியிருப்பதும் உண்மை. வத்திக்கானிலும் திருத்தந்தையின் சொந்தப் பெயருக்குரிய புனிதரின் நாள் விடுமுறை. ஜோர்ஜ் என்ற இயற்பெயருடைய பிரான்சிஸ் காலத்தில் அது ஏப்ரல் 23 ஆக இருந்தது. ஆனால் தமிழ்ப் பங்குகளுக்கு இது புதியதா? பங்குத்தந்தையின் நாமவிழாவுக்கு மாலையும் வாழ்த்துமாகப் பங்கு மக்கள் கூடுவது நம் ஊர்களில் நன்கு தெரிந்த காட்சி. அதைவிடப் பெரிய சான்று ஊர்த் திருவிழா. கொடியேற்றி, நவநாள் செபித்து, தேர் இழுத்து ஓர் ஊர் கொண்டாடுவது தன் கோயிலுக்குப் பெயர் தந்த பாதுகாவலரின் நாளைத்தான். கோயிலுக்கு உண்டு, குருவுக்கு உண்டு என்றால் குழந்தைக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இரண்டாவது கேள்வி இன்றைய பெயர்களைப் பற்றியது. இளவேனில், கயல்விழி, நிலவன், யாழினி என்று பெயர் வைக்கும் கத்தோலிக்கப் பெற்றோர் இருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், பெற்றோர் கிறிஸ்தவப் பெயர் வைக்காவிட்டால் குரு ஒரு புனிதர் பெயரைச் சேர்த்து இரண்டையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. பள்ளியில் ஒரு பெயர், கோயில் ஏட்டில் ஒரு பெயர் என்று வாழ்ந்தவர்களை நாம் அறிவோம். இன்று நடைமுறையில் உள்ள 1983ஆம் ஆண்டின் சட்டமோ, கிறிஸ்தவ உணர்வுக்கு மாறான பெயராக இருக்கக் கூடாது என்று மட்டுமே கேட்கிறது. எனவே தமிழ்ப் பெயர் வைப்பதற்குத் தடையில்லை. கிறிஸ்தவப் பண்பையோ மறைபொருளையோ குறிக்கும் பெயரும் ஏற்றதே என்கிறது மறைக்கல்வி நூல். அன்பு, அருள், அமுதம் போன்ற பெயர்கள் அந்த வரிசையில் சேரும். பெயரில் புனிதர் இல்லாத பிள்ளைக்கு, அதற்குத் திருமுழுக்கு நடந்த நாளின் புனிதரையோ வீட்டார் விரும்பும் ஒருவரையோ பாதுகாவலராகத் தேர்ந்துகொள்ளலாம். அனைத்துப் புனிதர் நாளான நவம்பர் 1 எல்லோருக்கும் உரியது. லாத்வியா நாட்டில், நாட்காட்டியில் இடம்பெறாத பெயர்க்காரர்களுக்கென்றே மே 22ஐ ஒதுக்கியிருக்கிறார்கள். மனம் இருந்தால் இடம் கிடைக்கும்.

ஒரே பெயரில் பலர் இருப்பதும் ஒரு சிக்கலாகத் தோன்றலாம். தெரசா என்று பெயர் வைத்த வீட்டில் லிசியே நகரக் குழந்தை தெரசாவா, அக்டோபர் 1. அவிலா தெரசாவா, அக்டோபர் 15. கொல்கத்தா அன்னை தெரசாவா, செப்டம்பர் 5. இதைச் சிக்கல் என்பதைவிட வாய்ப்பு என்பதே சரி. மகள் கொஞ்சம் வளர்ந்ததும் மூவர் கதையையும் சொல்லி, யாரைத் தன் துணையாக ஏற்கிறாள் என்று அவளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். நாட்காட்டியும் அவ்வப்போது மாறியிருக்கிறது. தோமையார் விழா டிசம்பர் 21இலிருந்து ஜூலை 3க்கு 1969இல் மாற்றப்பட்டது. பிலோமினாவின் விழா 1961இல் வழிபாட்டு நாட்காட்டிகளிலிருந்து நீக்கப்பட்டது; அந்தப் பெயர் கொண்ட பெண்கள் நம்மிடையே பலர். அவர்கள் பெயருக்கோ திருமுழுக்குக்கோ இதனால் எந்தக் குறையும் வந்துவிடாது.

மூன்றாவது கேள்விதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. கேட்காத குழந்தை மீது மதத்தை ஏற்றிவிட்டு, அதை ஆண்டுதோறும் கொண்டாடி இன்னும் அழுத்திப் பதிக்கிறீர்களே என்பது அது. மொழியும் பெயரும் உறவும் ஊரும் கேட்டுக் கிடைப்பவை அல்ல. தமக்கு நல்லதென்று தெரிந்ததைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருக்க எந்தப் பெற்றோராலும் முடியாது. ஆனால் கொடுத்ததை விளக்காமல் விட்டுவிட்டால் அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் வந்துவிடும். ஏன் என்று தெரியாத ஒரு சடங்கு பதிவேட்டில் மட்டும் கிடந்தால் அது பிள்ளையின் மீது ஒட்டிய ஒரு முத்திரை, அவ்வளவே. ஆண்டுதோறும் அதைப் பற்றிப் பேசும் வீட்டில் பிள்ளை கேள்வி கேட்கும். எனக்காக நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள் என்று பதினாறு வயதில் கேட்டால், அது வரவேற்க வேண்டிய கேள்வி. தெரியாமல் பெற்றதைத் தெரிந்து ஏற்கும் சுதந்திரம் அந்த உரையாடலில்தான் பிறக்கிறது. சுதந்திரத்தை மதிப்பவர்கள் இந்த நாளைக் கைவிடக் கூடாது. இன்னும் நேர்மையாகக் கொண்டாட வேண்டும்.

செலவு கூடுமே, ஏற்கெனவே பிறந்தநாள் விழாக்களே சுமையாகிவிட்டனவே என்ற அச்சமும் நியாயமானது. மண்டபமும் அழைப்பிதழும் பரிசுப்பொருளுமாக இவற்றையும் வளர்த்துவிட்டால் இவை எதற்காக இருக்கின்றனவோ அதுவே தொலைந்துவிடும். பிறந்தநாளில் பிள்ளை பரிசு பெறுகிறது. இவ்விரு நாள்களிலும் அது நன்றி சொல்லவும் மற்றவரை நினைக்கவும் கற்க வேண்டும். எனவே சிறிதாக இருப்பது இவற்றுக்கு ஒரு குறை அல்ல, இலக்கணம். திருச்சபை இவற்றைக் கட்டாயமாக்கவும் இல்லை. செய்யாதவர்களுக்குப் பாவமும் இல்லை. கடமையால் செய்வதைவிட அன்பால் செய்யும்போதுதான் பிள்ளையின் மனத்தில் இவை தங்கும்.

வீட்டில் எப்படிச் செய்வது?

முதலில் தேதி வேண்டும். சான்றிதழ் கிடைக்காவிட்டால் திருமுழுக்கு நடந்த பங்கின் அலுவலகத்தில் கேட்டால் ஏட்டைப் பார்த்துச் சொல்வார்கள். அன்று காலைத் திருப்பலிக்குப் போக முடிந்தால் போகலாம். மாலையில் திருமுழுக்கின்போது தந்த மெழுகுதிரியை ஏற்றலாம். அது தொலைந்திருந்தால் வேறொரு திரி போதும். தீர்த்தத்தால் சிலுவை அடையாளம் வரைந்து, விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லி, பெற்றோரும் தாத்தா பாட்டியும் பிள்ளையின் நெற்றியில் சிலுவையிட்டு ஆசி கூறலாம். அன்று அணிந்த வெள்ளாடையையும் படங்களையும் எடுத்துக் காட்டி, யார் தூக்கி நின்றார்கள், யார் பதில் சொன்னார்கள், ஏன் அந்தப் பெயரை வைத்தோம் என்று சொல்லலாம். ஞானப்பெற்றோரை அழைத்துப் பேச வைக்கலாம். நாமவிழா அன்று அந்தப் புனிதரின் வாழ்க்கையைப் பிள்ளையின் வயதுக்கேற்பச் சொல்லி, அவர் செய்ததைப் போன்ற ஒரு செயலைப் பிள்ளையைச் செய்ய வைக்கலாம். அந்தோனியாரின் பெயர்ப்பிள்ளை ஏழைக்கு உணவு கொடுக்கட்டும். அந்தோனியார் அப்பம் என்று பகிர்ந்தளிக்கும் வழக்கம் நம் கோயில்களிலேயே இருக்கிறது. கொல்கத்தா தெரசாவின் பெயர்கொண்டவள் நோயாளி ஒருவரைப் பார்த்துவரட்டும். இரவில் ஒரு பாயசம் போதும்.

பெற்றோரில் ஒருவர் வேறு சமயத்தவராக உள்ள வீடுகளிலும், கோயிலுக்கு அதிகம் போகாத வீடுகளிலும் இது முடியுமா என்றால், அங்கேதான் இது மிகவும் தேவை என்பேன். பெரிய விழாக்களின் சத்தமில்லாமல், விவாதமில்லாமல், உனக்கு இந்தப் பெயரை இதற்காக வைத்தோம், இந்த நாளில் உனக்காக இன்ன வாக்குக் கொடுத்தோம் என்று சொல்ல அரைமணி நேரம் போதும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது. அந்தச் சொல்லுக்கு வீட்டில் ஒரு செயல்வடிவம் வேண்டும். தேரும் கொடியும் பெருங்கோயிலுக்கு இருக்கட்டும். பிள்ளையின் பெயரையும் அதன் திருமுழுக்கையும் அறிந்து ஆண்டுதோறும் எடுத்துச் சொல்லும் வேலையை வீட்டைவிட வேறெந்தக் கோயிலாலும் செய்ய முடியாது. திருமுழுக்கு மேடையில் நாம் சொன்ன பதிலை நம் வாயாலேயே பிள்ளையிடம் திரும்பச் சொல்லும் வரை அந்தப் பதில் முழுமை பெறுவதில்லை.